இடுப்பைச் சுற்றி வந்த அக்கி

எழுபத்தேழு நவம்பர்ப் புயலில், நாகமலைக்கு மேற்கே எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்தது. நானும் என் மனைவி எஸ்தரும் மிஷன் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏறித் தப்பினோம். பக்கத்து வீட்டு முத்தையா அண்ணனின் மனைவியைத் தண்ணீர் கொண்டுபோனது. சபையில் 'கர்த்தர் நம்மைக் காத்தார்' என்று பாடினோம். அந்த அம்மாளை ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்தது; என் பயம் வடியவில்லை. ஒரு மேகத்தைக் கண்டால் டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றுவேன். யாராவது வாளியைக் கவிழ்த்தால் வேட்டியை மடித்துக் கட்டுவேன். ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. எனக்கோ கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம். வாரக்கணக்கில் தூக்கமில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது வலது இடுப்பு நெருப்பாய் எரிந்தது. கொப்புளங்கள். அக்கி! அது இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை தொட்டால் ஆள் காலி என்பார்கள் எங்கள் பக்கத்தில். விசுவாசியான நான் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டு, தெருக்கதவைச் சாத்திக்கொண்டு டெய்லர் டேப்பால் அளந்தேன்.

"என்னங்க, சட்டைக்கா?" என்றாள் எஸ்தர்.

"சவப்பெட்டிக்கு."

சபை மூப்பர் வந்து, "விசுவாசக் குறைவு பிரதர்" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். மதுரை டாக்டர் வேறு காரணம் சொன்னார்: "சின்ன வயசுல வந்த அம்மை உடம்புக்குள்ளயே பதுங்கிக் கெடக்கும். பயத்துலயும் தூக்கமில்லாமலும் உங்க எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிருச்சு, அது எந்திரிச்சிருச்சு. சாக மாட்டீங்க. மொதல்ல தூங்குங்க." மாத்திரை தந்தார். அதுவும் என்னோடு சேர்ந்து விழித்துக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் முழங்காலில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, வேறொன்றும் வேண்டாம். தூக்கம் கொடும்."

எழுந்து வெளியே வந்தால், வாசலில் முத்தையா அண்ணன்.

"போயிப் படு தம்பி. கண்மாய்க்கரைய நான் பாத்துக்கிறேன். தண்ணி வந்தா எழுப்புறேன்."

"நீங்க தூங்க வேணாமாண்ணே?"

"எனக்கெங்கிட்டு வருது தூக்கம்? அவளோட போச்சு. சும்மா முழிச்சுக் கெடக்குறதுக்கு, உனக்காவது ஆகட்டுமே."

படுத்தேன். விடிந்துதான் எழுந்தேன். தினமும் அவர் காவல் இருந்தார், நான் தூங்கினேன். அக்கி முதுகைத் தாண்டாமல் காய்ந்தது.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். மனதார நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் என் பயத்தை டேப்பிடம் சொல்வதில்லை, அவரிடமே சொல்கிறேன். ஆனால் முத்தையா அண்ணனுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. உடம்பு தேய்கிறது, இருமல் விடவில்லை. "எனக்குக் கொடுத்தீர், அவருக்கு ஏன் இல்லை?" என்று ஆண்டவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். நீங்களும் நம்பி, அண்ணன் பேரைச் சொல்லிக் கேளுங்கள். என் இடுப்புக்காக இறங்கி வந்தவர், அண்ணன் கண்ணுக்காக வராமலா போவார்?