மூன்று குழிகளில் ஒரே ஆள்

மோசுலில் எங்கள் வேளாண் கல்லூரியில் மண்ணியல் மூன்றாம் ஆண்டு படித்த நாற்பது பேரும் ஒற்றுமையானவர்கள். இதை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படிவம் வந்தது. பலவகை மக்கள் சேர்ந்து படிக்கும் வகுப்பில் உங்கள் சக மாணவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் படிவங்களைச் சேகரித்தேன். சேகரிக்கும் சாக்கில் படித்தும் விட்டேன். குர்துகள், கிறிஸ்தவர்கள், என்னைப் போன்ற மோசுல் அரபுகள் எல்லோரும் பேசிவைத்ததுபோல் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: ‘நாங்கள் ஒரே குடும்பம்.’ எழுதி முடித்ததும் குடும்பம் எழுந்து மூன்று கூட்டமாகப் பிரிந்து தேநீர் குடிக்கப் போனது.

ஒரே ஒரு படிவத்தில்தான் வேறு விடை. ‘தெரியாது.’ அது சைதோ எழுதியது.

சைதோ பக்கத்து ஊரான பாஷிகாக்காரன். யசீதி என்ற சிறு மதத்தைச் சேர்ந்தவன் வகுப்பில் அவன் ஒருவன்தான். கூட்டத்துக்கு ஒரு வரிசையாக உட்காரும் வகுப்பில் அதனால் அவனுக்கென்று வரிசை கிடையாது; எங்கே இடம் காலியோ அங்கே உட்காருவான். பாஷிகாவிலிருந்து வரும் வழியில் சோதனைச் சாவடி இருந்தது. சிப்பாய்க்குத் தூக்கம் சரியில்லாத நாட்களில் முதல் வகுப்பு போய்விடும். அவன் உள்ளே நுழையும்போது பெரும்பாலும் பாடம் மண்ணின் இரண்டாம் அடுக்குக்குப் போயிருக்கும்.

விட்டதைப் பிடிக்க அவன் மூன்று பேரிடம் குறிப்பேடு வாங்குவான். குர்து வரிசையில் ஷீலான். அவள் இலக்கணமாக எழுதுவாள், ஆனால் படமே போடமாட்டாள். கிறிஸ்தவ வரிசையில் கரகோஷிலிருந்து வரும் பெஹ்னாம். அவன் படம் மட்டுமே போடுவான். மூன்றாவது ஆள் நான், ஹாசிம். தேர்வில் எது வரும் என்று பேராசிரியர் வாய்தவறிச் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்பவன். மூன்றையும் சேர்த்து சைதோ ஒரு நோட்டு தயாரிப்பான். தேர்வுக்கு முன் வாரம் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்டுக்கு வரிசை நிற்கும். வகுப்புக்கு மிகக் குறைவாக வந்தவனின் நோட்டைப் படித்துத்தான் நாங்கள் தேறினோம். வரிசைகளுக்கு நடுவே போய்வந்த ஒரே போக்குவரத்தும் அந்த நோட்டுகள்தான்.

ஏப்ரலில் அவனுக்கு நெருக்கடி வந்தது. இன்னும் ஒரு வகுப்பு தவறினால் வருகை போதாது, ஆண்டே போய்விடும். அந்த வாரம் புதன்கிழமை களப்பயிற்சி: ஆளுயரக் குழி தோண்டி மண் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். அதே புதன் யசீதிகளின் புத்தாண்டு. அன்று அவர்கள் முட்டைக்குச் சாயம் பூசுவார்கள், வாசலில் சிவப்புப் பூ ஒட்டுவார்கள், மண்ணை மட்டும் தோண்டவே மாட்டார்கள். அலுவலகத்தில் கேட்டான். விடுமுறை உண்டு, அதைச் சொல்லும் கடிதம்தான் இன்னும் வரவில்லை என்றார் எழுத்தர்.

செவ்வாய்க்கிழமை நோட்டைத் திருப்பித் தரும்போது என்னிடம் சொன்னான்.

“நாளைக்கு நான் வரலடா.”

“வருஷம் போயிடும்டா, பைத்தியமா நீ?”

“போனா போகட்டும். வாசல்ல பூ ஒட்டிட்டு இங்க வந்து கடப்பாரை பிடிக்கச் சொல்றியா?”

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இவனுக்கு இந்த வகுப்பில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததை மறைப்பானேன்.

புதன்கிழமை குடும்பம் வழக்கம்போலப் பிரிந்து, ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் மூன்று குழிகள் தோண்டியது. குழிக்கு ஒரு வருகைத் தாள். எங்கள் தாளில் கடைசியாகச் சைதோவின் பெயரை எழுதி, அவன் கையெழுத்தை என்னால் முடிந்தவரை போட்டேன்.

மறுநாள் சைதோ ஒரு கூடை நிறைய வண்ண முட்டைகளோடு வந்தான். ஆண்டு போய்விட்டது என்று முடிவு செய்தவனின் நிம்மதி முகத்தில் இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தான். பாதி வகுப்பு வாயில் முட்டையோடு இருக்கும்போது பேராசிரியர் டாக்டர் நிஸார் மூன்று வருகைத் தாள்களுடன் உள்ளே வந்தார்.

“சைதோ, எந்திரி. நேத்து எத்தனை குழி தோண்டுனே?”

“நேத்து நான் வரவே இல்ல, உஸ்தாத். நேத்து நாங்க மண்ணைத் தொட மாட்டோம்.”

“அப்படியா? இங்க பாரு. முதல் குழியில இருக்கே. ரெண்டாவதுலயும் இருக்கே. மூணாவதுலயும் இருக்கே. என் இருபது வருஷ சர்வீஸ்ல ஒரே நேரத்துல மூணு குழி தோண்டின பிள்ளையை நான் பார்த்ததில்லப்பா.”

மண்ணைத் தொடக்கூடாத நாளில் வகுப்பிலேயே அதிகமாகத் தோண்டியவன் அவன்தான் என்று மூன்று தாள்கள் சாட்சி சொல்லின. சைதோ தாள்களைப் பார்த்தான், பிறகு எங்களை. வருகை போனால் ஓர் ஆண்டுதான். பொய்க் கையெழுத்து என்றால் கல்லூரியே போய்விடும்.

“அவனுக்குத் தெரியாது, உஸ்தாத்” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஷீலான் எழுந்து நின்றிருந்தாள். “நான்தான் போட்டேன்.”

“இல்ல, நான்” என்று பெஹ்னாம் எழுந்தான். வாயில் இன்னும் மஞ்சள் கரு இருந்தது.

வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன்.

ஷீலான் திரும்பிப் பார்த்தாள். “நீயுமா? கஞ்ச மோசுல்காரன் தன் பேருக்கே மை செலவாகும்னு பாதிதான் எழுதுவான். அடுத்தவன் கையெழுத்தையா போட்டே?”

“உன்கிட்டயும் சொல்லியிருந்தானா? என்கிட்ட மட்டும்தான் சொன்னான்னு நினைச்சேன்” என்றேன்.

“என்கிட்டயும்தான் சொன்னான்” என்றான் பெஹ்னாம், கொஞ்சம் அடிபட்டவன்போல. “ஒரு வார்த்தை முன்னாடியே பேசியிருந்தா ஒருத்தர் போட்டிருந்தா போதுமே!”

பேசியிருந்தால். மூன்று ஆண்டுகளில் நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசிய முதல் பேச்சு அதுதான், அதுவும் குற்றவாளிகளாக.

டாக்டர் நிஸார் விதிகளை நேசிப்பவர். ஆகவே அவற்றில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியும். தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார்.

“பொய்க் கையெழுத்து இருக்கிற தாள் செல்லாது. மூணுலயும் இருக்கு, மூணும் செல்லாது. அப்படின்னா நேத்து வகுப்பே நடக்கல. நடக்காத வகுப்புக்கு எவனும் வராம இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் திரும்பத் தோண்டுங்க. கையெழுத்துப் போட்ட மூணு பேரும் சைதோவோட ஒரே குழி. ஆழம் இன்னும் ஒரு முழம் கூட.”

வகுப்பே முனகியது. வியாழக்கிழமை கை முழுக்கக் கொப்புளத்தோடு இருந்தவர்கள் எங்களை வாழ்த்திய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. குடும்பம் உண்மையிலேயே ஒரே குரலில் பேசியது அன்றுதான்.

“ஞாயித்துக்கிழமை எனக்குப் பூசை இருக்கே” என்றான் பெஹ்னாம்.

“நீ போடா, நாங்க கையெழுத்துப் போட்டுக்கறோம்” என்றாள் ஷீலான். அவன் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தான்.

ஞாயிறு தோண்டினோம். தடை அந்தப் புதனுக்குத்தான் என்று சைதோ கடப்பாரையை எடுத்தான். ஆனால் அவன் அம்மா அந்த மாதம் முழுக்கவே தோண்டுவது ஆகாது என்பவர் என்று தெரிந்ததும் ஷீலான் அதைப் பிடுங்கிக்கொண்டு தாளையும் பேனாவையும் அவன் கையில் திணித்தாள். குழிக்குள் நாங்கள் மூவர்; மேலே அவன். அடுக்குக்கு அடுக்கு நிறம் சொன்னோம், அவன் எழுதினான். இடையில் மீந்த முட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டான். நாங்கள் பிடித்ததைவிட நழுவவிட்டதுதான் அதிகம்.

சைதோ அந்த ஆண்டு தேறினான். இன்று பாஷிகா வேளாண் அலுவலகத்தில் ஒலிவத் தோட்டங்களின் மண்ணைச் சோதிக்கிறான். அந்தப் புதனில் மட்டும் சோதிப்பதில்லை. அன்று எங்கள் மூவர் வீட்டுக்கும் முட்டை வந்துவிடும்.

அந்த ஆண்டு முடிவில் அதே படிவம் மறுபடி வந்தது. மறுபடி சேகரித்தேன், மறுபடி படித்தேன். முப்பத்தொன்பது பேர் ‘ஒரே குடும்பம்’ என்றே எழுதியிருந்தார்கள், நான் உட்பட. சைதோ இந்த முறை இரண்டு வரி எழுதியிருந்தான்:

‘மூன்று பேருக்கும் என் கையெழுத்து சரியாக வரவில்லை. ஆனாலும் போட்டார்கள்.’