முதல் கட்டுரை யாருக்கு

எங்கள் துறைத்தலைவரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் வைக்கும் நிலக்காரக் குடும்பம். ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் வீட்டாருக்குத்தான். அதைக் கோயிலோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். கல்லூரியில் நாங்கள் நடத்திய ஆய்விதழிலும் முதல் கட்டுரை அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ் அது. அவர் முதன்மை ஆசிரியர். ஏம்பலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்த நான் நிர்வாக ஆசிரியர், அதாவது எல்லா வேலையும் செய்கிறவள்.

மற்றவர்கள் கட்டுரை வந்தால், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு வெளியூர் மதிப்பீட்டாளர்கள் இருவருக்கு அனுப்புவேன். அவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். துறைத்தலைவர் கட்டுரை மட்டும் யாருக்கும் போகாது. இதழ் இணையத்தில் ஏறும் அன்று நேராக என் மேசைக்கு வரும். ஒரே ஆய்வைத் தலைப்பை மாற்றி மாற்றி எழுதியிருப்பார். பிழை திருத்தி முதலில் வைப்பேன். மூன்று ஆண்டுகள் இப்படி வைத்தேன். வேலை நிரந்தரமாகாதவளுக்கு வாய் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு இதழ் ஒன்றில் பக்கத்துத் துறை ஆய்வு மாணவி ஒருத்தியின் கட்டுரையும் வந்தது. மடுகரையிலிருந்து பேருந்து மாறி வருகிறவள். கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். மதிப்பீட்டாளர்கள் மூன்று முறை திருத்த வைத்தார்கள். மூன்று முறையும் முகம் சுளிக்காமல் திருத்தினாள். பல்கலைக்கழகம் ஏற்கும் இதழ்களின் தரப்பட்டியல் ஒன்று உண்டு; அதில் உள்ள இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தால்தான் அவளால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாங்கள் அப்போதுதான் விண்ணப்பித்திருந்தோம். சேர்த்துவிட்டால் அவள் கட்டுரையும் செல்லும்.

பட்டியல் போடுகிறவர்களிடமிருந்து கேள்விகள் வந்தன. ஆசிரியர் குழுவில் யார் யார், எழுதியவருக்கு என்ன உரிமை என்பதற்கெல்லாம் மளமளவென்று பதில் எழுதினேன். ஒன்றில் கை நின்றுவிட்டது. முதன்மை ஆசிரியரின் கட்டுரை ஒவ்வொரு இதழிலும் இருக்கிறதே, அவற்றை மதிப்பிட்டவர் யார்?

துறைத்தலைவரிடம் எடுத்துப்போனேன்.

"இதுல இன்னாமா கஷ்டம்? தெரிஞ்ச பேரு ரெண்ட போடு. ரிப்போர்ட்ட நீயே எழுதி பழைய தேதிய போட்டுடு. எவன் வந்து பாக்கப்போறான்?"

"எப்படி சார் அது?" என்றேன்.

"உங்களையெல்லாம் உள்ள வுட்டா இப்படித்தான். சொன்னத செய்யத் தெரியாது."

என் இடத்துக்கு வந்து, அந்தக் கேள்விக்கு நேராக, 'யாரும் இல்லை. அவருடைய ஒரு கட்டுரையையும் யாரும் மதிப்பிட்டதில்லை' என்று தட்டி அனுப்பினேன். நேர்மை என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அது சுத்தமான ஆத்திரம். அனுப்பிய நொடி அந்தப் பெண்ணின் நினைப்பே எனக்கு இல்லை.

இதழைச் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. துறைத்தலைவர் அறை அதிரக் கத்தினார். அவருக்கு என்ன நட்டம்? அடுத்த திருவிழாவிலும் பரிவட்டம் கட்டிக்கொண்டார். ஒரு முறை வெளிவந்த கட்டுரையை வேறு இதழுக்குக் கொடுக்க முடியாது என்பதால், மாட்டிக்கொண்டது அந்தப் பெண்தான். புதிதாக இன்னொன்று எழுத வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள், இனி படிக்க விடமாட்டார்கள் என்றாள்.

வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் வைத்து நடந்ததை அவளிடம் சொன்னேன். நான் உண்மையைத்தான் எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மெச்சுவாள் என்று எங்கோ ஒரு நப்பாசை.

"உண்மைய எழுதுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல மேடம்," என்றாள். "என்னுத மட்டும் மூணு வாட்டி திருத்த வச்சீங்க. அவரோடத மூணு வருஷமா அப்படியே தூக்கி முன்னால வச்சீங்களே, அன்னிக்கு எங்க போச்சி உங்க உண்மை?"

மடுகரை பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள். அவள் கட்டுரை இன்றும் இணையத்தில் இருக்கிறது, அவருடையதற்குப் பின்னால், நான் வைத்த இடத்திலேயே.