ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியில் அப்பாவைத் தேடி: கியாக்தானிலிருந்து பபேடான் வரை

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். அச்செடுக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். இந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். கடவுச்சொல் உங்கள் ஆறு பேருக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் அப்பாக்களும் கப்பலில் போய்த் திரும்பாதவர்கள். ஒருநாள் உங்களுக்கும் இப்படி ஒரு பயணம் தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் பார்த்தது என்ன என்று எனக்கே விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள்.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம். பள்ளி விடுமுறை. கியாக்தானில் எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தபோது அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான்தான் ஓடினேன்.

"பாப்பா, நான் சொல்றத மட்டும் கேளு," என்றார் அப்பா. "இங்க காலேஜ் பசங்க ஐஸ் ஹாக்கி ஆடறாங்க. நாடு பூரா ஜெயிச்சு வந்தவங்க. பைனல். ஞாயித்துக்கெழம காலைல, உங்க நேரம் அஞ்சரை. ஸ்போர்ட்ஸ் சேனல்ல வருது. நான் அங்கதான் இருப்பேன், ஐஸ் மேல. கை தூக்குறேன், பாரு. செவப்பு..."

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. நான்கு வருடங்களில் மூன்றாவது முறையாக அவர் குரலைக் கேட்டேன். கடைசியாகக் கேட்டது ஒரு நிறத்தின் பெயர்.

அப்பா கப்பலில் குளிர்சாதன அறையைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கரை இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. அவரைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட்டின் ஆட்கள் அவர் எங்கே என்று கேட்டு இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். "உயிரோட இருக்காரான்னே தெரியாதுங்க" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. அழைப்பு வந்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அம்மாவுக்குச் சுலபம். தெரிந்துவிட்டால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு நாற்பத்துநான்கு வயது. கல்லூரிப் பையன்களோடு அவர் எப்படி விளையாடுவார்? அங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்டாரா? பந்தை எறிந்தால் பிடிக்கத் தெரியாது அவருக்கு.

எங்கள் ஊரில் டிஷ் வைத்த வீடுகள் இரண்டு. இரண்டிலும் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே யாங்கோனுக்கு, பெரியவர்கள் சொல்லும் ரங்கூனுக்கு, போக முடிவு செய்தேன். அங்கே பபேடான் பேட்டையில் என் பெரியம்மா மகள் மரியா அக்கா இருக்கிறாள். கீழே இன்டர்நெட் கடை, மேலே ஓர் அறை. அவளிடம் மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவும் முழுப் பொய்யில்லை. இப்போது கம்ப்யூட்டரில்தானே எழுதுகிறேன்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பேருந்து. கட்டணம் எழுநூறு கியாட். இருபது மைலுக்குச் சற்று மேல்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆனது. மீன் கூடைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. கூடைக்குள் உமி ஒட்டிய ஐஸ் துண்டுகள் உருகி என் செருப்பில் வடிந்தன. எனக்குத் தெரிந்த ஐஸ் இதுதான். இதன்மேல் மனிதர்கள் எப்படி ஓடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே காலை நீட்டிவிட்டேன்.

"தமீ, கால மடக்கு!" என்று கண்டக்டர் கத்தினான். தமீ என்றால் பர்மிய மொழியில் மகளே. அவனுக்கு என்னைவிட நான்கு வயதுதான் கூட இருக்கும். "காலுக்குத் தனி டிக்கெட் போடவா?"

"மீனுக்குப் போட்டீங்களா?" என்றேன்.

"மீன் உன்ன மாதிரி வாய் பேசாது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகுதான் பயமாக இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கக் கூடாது என்று மரியா அக்கா சொல்லியிருந்தாள். பாலத்தைத் தாண்டி நகருக்குள் போகும் வரை தலை நிமிரவே இல்லை.

வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு முக்கியமானது ஒன்று. இரவு தங்கும் விருந்தாளியைப் பேட்டை அலுவலகத்தில் பதிய வேண்டும். சில இரவுகளில் கதவைத் தட்டிச் சரிபார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கேதான் சிக்கல். பெயருக்கு அடுத்த கேள்வி அப்பா பெயர்.

"உன் பேர எழுதிடலாம்டி," என்றாள் மரியா அக்கா. "அப்பா பேர எழுதினா, அவர் எங்கன்னு கேப்பாங்க. கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் ஒளறுவேன்."

அதனால் பதியவில்லை. "கீழ யாராச்சும் தட்டினா, எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பின்படியேறி மாடிக்கு ஓடிடு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொடுத்தாள். அன்று யாரும் தட்டவில்லை. அவளுக்கும் தூக்கம் வரவில்லை.

"வாத்தியாரா இருப்பாரோ?" என்று திடீரென்று கேட்டாள்.

"யாரு?"

"உங்கப்பா. அந்தப் பசங்களுக்கு."

"அப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாருக்கா."

"அதான பாத்தேன்," என்று திரும்பிப் படுத்தாள்.

காலை ஐந்தேகாலுக்கு நாலு வீடு தள்ளியிருந்த டீக்கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீ இருநூற்றைம்பது, மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் நானூறு. நீங்கள் போனால் தொலைக்காட்சிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், கழுத்து வலிக்கும். மரியா அக்கா முந்தின நாளே காக்காவிடம் சொல்லி வைத்திருந்தாள். இருந்தாலும் முன்வரிசையில் இருந்த ஊ ஸோ முறைத்தார். அவர் மீன் வியாபாரி. பர்மியர்தான், ஆனால் பபேடானிலேயே பிறந்து வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். ராத்திரி நடந்த கால்பந்து ஆட்டத்தை மறு ஒளிபரப்பில் பார்க்க வந்திருந்தார்.

"பந்தே காணோமே காக்கா," என்றார்.

"கறுப்பா, வட்டு மாதிரி இருக்கு பாருங்க."

"எங்க?"

"இப்பதான் போச்சு."

ஒரு அணி வெள்ளைச் சட்டை. இன்னொரு அணி சிவப்பு! சிவப்பு, சிவப்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லோர் முகத்திலும் கம்பி வலை. தலையில் கவசம், தோளில் மெத்தை. ஒரே உயரம், ஒரே அகலம். நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பேர் வேலியைத் தாண்டி வெளியே குதிக்கிறார்கள், வேறு ஐந்து பேர் உள்ளே குதிக்கிறார்கள். ஒருவனை அப்பாவாக நினைத்துப் பார்க்கத் தொடங்குவதற்குள் அவன் போய்விடுகிறான். அப்புறம் சிவப்பில் ஆகக் குட்டையானவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் விழுந்தபோது என் நெஞ்சில் அடித்தது. எழுந்து ஒற்றைக் காலில் வட்டமடித்தான். அப்பாவுக்கு இரண்டு காலில் நின்றாலே முழங்கால் வலி.

ஒருவன் இன்னொருவனைக் கட்டையால் இடறிவிட்டான். நடுவர் அவனைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்தார். மூலையில் கடிகாரம் ஓடியது.

"எத்தன நாள்?" என்று கேட்டார் ஊ ஸோ.

"நாளா? ரெண்டு நிமிஷம்," என்றாள் மரியா அக்கா.

"கூண்டுல ரெண்டே நிமிஷமா? அப்பறம் விட்டுடுவாங்களா? எந்த நாடுய்யா அது!"

கடையே சிரித்தது. பிறகு எல்லோரும் ஒன்றாக வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. டீயைக் குடித்தார்கள்.

சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இடைவேளையாம். ஊ ஸோ எட்டி ரிமோட்டை எடுத்துக் கால்பந்துக்கு மாற்றினார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆட்டக்காரர்கள் இல்லாத ஐஸைப் பார்த்து என்ன செய்ய? திரும்ப மாற்றியபோது, கோடு கோடாகக் கீறிக் கிடந்த ஐஸ் புதுக் கண்ணாடிபோல் பளபளத்தது. அது எப்படி என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது பகுதியிலும் யாரும் எனக்காகக் கை தூக்கவில்லை. கோல் போட்டவர்கள் தூக்கினார்கள். அது கணக்கில் வராது. மறுபடி சங்கு. ஊ ஸோவின் கை ரிமோட்டுக்குப் போனது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை, எழுந்து திரைக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"மாத்தாதீங்க."

"விளம்பரத்தப் பாக்கப் போறியா பாப்பா?" என்றார் காக்கா.

"அவ பாக்கட்டும் காக்கா," என்றாள் மரியா அக்கா. "ஊ ஸோ டீ என் கணக்கு."

"மொஹிங்காவும்," என்றார் ஊ ஸோ.

விளம்பரங்கள் போயின. கோட்டுப் போட்ட இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எங்கோ கீழே, மைதானம் தெரிந்தது. அதில் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. லாரியும் இல்லை, டிராக்டரும் இல்லை. பெட்டிபோல ஏதோ ஒன்று. அது போன இடமெல்லாம் ஈரமாக, பளபளப்பாக மாறியது. மேலே சிவப்புத் தொப்பியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் தெரிந்தார்.

வளைவில் திரும்பும்போது அவர் இடது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார்.

கியாக்தானில் அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஆற்றின் நடுவே இருக்கும் பகோடாவுக்குப் போகும் படகுத்துறை வரை கூட்டிப்போவார். ஒவ்வொரு வளைவிலும் இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்ப்பார். "முன்னாடி பாத்து ஓட்டுங்களேன்!" என்று அம்மா கத்துவாள்.

வண்டி கோட்டுக்காரரின் தலைக்குப் பின்னால் மறைந்தது. மறுபக்கம் வந்தது. அடுத்த வளைவு. மறுபடி இடது தோள். நான் திரையில் மூக்கு இடிக்க நின்றேன். அவர் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தார்.

மின்சாரம் போய்விட்டது.

கடை முழுக்க "ஆ" என்றது. ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பப் பதினோரு நிமிடம் ஆனது. படம் வந்தபோது ஐஸ் பளபளவென்று இருந்தது. வண்டி இல்லை. கம்பி வலை முகங்கள் மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்தன. வெள்ளை அணி ஜெயித்தது என்று நினைக்கிறேன். நான் சரியாகப் பார்க்கவில்லை.

நான் அழுவதைப் பார்த்து ஊ ஸோவுக்கு மனம் இளகிவிட்டது. "எவ்வளவு கட்டின தமீ?" என்று மெதுவாகக் கேட்டார். "சின்னப் பொண்ணு பந்தயமெல்லாம் கட்டலாமா? அதுவும் பந்தே தெரியாத ஆட்டத்துல!" அவருடைய மொஹிங்காவுக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மரியா அக்கா கேட்டாள். "அது உங்கப்பாதானா?"

"தெரியலக்கா."

"தெரியலயா? அப்ப எதுக்குடி அழுத?"

அதுவும் தெரியவில்லை. எல்லா வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்களாக இருக்கலாம். ஐஸ் சரியாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கையைத் தூக்கத்தான் எடுத்தாரா, மூக்கைச் சொறிய எடுத்தாரா? ஐஸ் மேல இருப்பேன் என்றார், இருந்தார். சிவப்பு என்றார், தொப்பி சிவப்பு. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் இடைவேளையிலும் அவர் வந்திருப்பார். அப்போது முழுத் திரையில் காட்டியிருந்தால்? நான் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலையே நான் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்பாவின் மின்னஞ்சல் முகவரி மரியா அக்காவிடம் இருக்கிறது. எழுதினால் மாதத்துக்கு ஒருமுறை "நலம்" என்று மட்டும் பதில் வரும். இன்று காலை அவள் எழுதிப்போட்டாள்: பாப்பா என் கடையில் இருக்கிறாள், எங்கள் இரவு பத்துக்கு மேல் சாட்டில் இருப்பாள். அதனால் இரண்டாவது இரவும் பதியாமல் தங்கிவிட்டேன். கடைக்கதவைச் சாத்தி, ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் எரியவிட்டு, திரையின் வெளிச்சம் தெருவுக்குத் தெரியாமல் லுங்கியை ஜன்னலில் மாட்டியிருக்கிறோம். அக்கா மேலே இருக்கிறாள். மணி பதினொன்று ஐந்து. சாட் பெட்டியில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி சாம்பல் நிறம். அவர் வந்தால் அது பச்சையாகும். ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன்.

போகப்போகிறவர்களுக்குச் சில யோசனைகள். இந்த ஆட்டத்தில் மூன்று பகுதி, நடுவே இரண்டு இடைவேளை. இடைவேளையில் எழுந்து போகாதீர்கள், சேனலை மாற்றவிடாதீர்கள். ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் கதவு திறப்பவர், தண்ணீர் கொடுப்பவர், ஐஸ் தேய்ப்பவர், அவர்களைப் பாருங்கள். நம் அப்பாக்கள் அங்கேதான் இருப்பார்கள். ஜெனரேட்டரைத் தயாராக வைக்கும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போக வர பேருந்து ஆயிரத்து நானூறு, சாப்பாட்டோடு மூவாயிரம் கையில் இருந்தால் போதும். தங்குவதென்றால் ஒரு இரவுக்கு மேல்

பச்சை. பச்சை ஆகிவிட்டது. அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டுகிறது. நான் கேட்டுவிட்டேன். கை தூக்கினீங்களா அப்பா என்று

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். விருந்தாளிப் பதிவு என்று பர்மிய மொழியில் சொல்கிறார்கள். மரியா அக்கா படியில் நின்று அணை அணை என்று கையைக் காட்டுகிறாள். அப்பா இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார், ஒரு நிமிடம், இன்னும் ஒரே ஒரு