பச்சை வந்தால் இறங்கலாம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று, மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல், என் தலையில் விழுந்தது. பல வேலைகளை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும், எல்லாம் முடிந்தபின் அடுத்ததைத் தொடங்கும். இவ்வளவுதான் அது செய்தது. படிக்கும்போது பொறாமையாக இருந்தது, அத்தனை சுத்தம்.

டேங்க் வாசலில் இருந்த திரை அதை வைத்துத்தான் ஓடியது. டேங்கைக் காலி செய்தபின் அடியில் தங்கும் கசடை ஆள் இறங்கித்தான் வார வேண்டும். விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க மேலே, நடுவில், அடியில் என்று மூன்று சென்சார்கள். மூன்றும் சரி என்றால் திரையில் பச்சை வரும். முன்பெல்லாம் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்களாம். திரை வந்ததும் அந்த மீட்டர் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது.

ஒரு காலையில் பச்சை வருவதற்கு வழக்கத்தைவிட நேரமானது. உறுத்தியது. நிரலைத் தோண்டிப் பார்த்தேன். அடி சென்சார் பதிலே தரவில்லை. லைப்ரரி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அந்த வேலையும் முடிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருந்தது. பதில் இல்லாததால் பிழையும் இல்லை, பிழை இல்லாததால் பச்சை. கனமான வாயு தங்குவதே அடியில்தான்.

மேனேஜரிடம் ஓடினேன்.

“தெரியும்பா. கரண்டு கொஞ்சம் ஆடினாலே சிவப்பாயி வேலை நின்னுகினு இருந்துச்சு. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்,” என்றார். “மூணுல ரெண்டு சொல்லுதுல்ல?”

“செத்துப்போனது அடியில இருக்கறது சார்.”

“புதுசு ஆர்டர் போட்டிருக்கு. லாரி வந்து நின்னுகினு கீது. பேஜாரு பண்ணாத.”

மனுஷன்தானா இவர் என்று பற்றிக்கொண்டு வந்தது. பேசிப் பயனில்லை என்று டேங்கை நோக்கி ஓடினேன். அங்கே பள்ளிப்பட்டுக்கார ஃபிட்டர் அண்ணன் இடுப்பில் பெல்ட்டோடு ஒரு காலை உள்ளே விட்டிருந்தார்.

“இன்னா நைனா, மூஞ்சி இப்படி கீது?”

“இறங்காதீங்கண்ணே. அந்தப் பச்சை பொய்.”

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், காலை வெளியே எடுத்தார். “ரெண்டு புள்ள வச்சிகினு கீறேன் நான்,” என்று பெல்ட்டைக் கழற்றினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னாலேயே வந்த மேனேஜர் அவரை விட்டுவிட்டார். ஓரமாக நின்ற வடநாட்டுக் கான்ட்ராக்ட் தொழிலாளியைக் கைகாட்டினார். புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. நான் குறுக்கே நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் சிரித்தபடி திரையைக் காட்டி, “கிரீன்,” என்றார். அண்ணன் கழற்றிய பெல்ட்டை மாட்டிக்கொண்டு, என்னைச் சுற்றிப் போய் இறங்கிவிட்டார்.

பெல்ட்டில் கட்டிய கயிற்றை அண்ணனே வாங்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது தொய்ந்தது. குரல் கொடுத்தார், பதிலில்லை. “இழுங்கடா,” என்றார். எல்லோருமாக இழுத்து மேலே போட்டோம். உயிர் இருந்தது. வாந்தி எடுத்தார், கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

“நாஷ்டா துன்னாம வந்திருப்பான், வெயிலு வேற,” என்றார் மேனேஜர். பிறகு எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். “நீ சொல்லு. பச்சைதானே இருந்துச்சு?”

“பச்சைதான் சார். ஆனா அடி சென்சார்…”

“பச்சைதான். கேட்டுக்கினீங்களா?” என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அடுத்து யாருப்பா?”

ஒருவர் குனிந்து பெல்ட்டை எடுத்தார்.