யார் கண்ணிலும் படாத ஆட்டம்

மாசாய் நகரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆளுக்கொரு தொழிற்சாலை, ஆளுக்கொரு ஷிஃப்ட். எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால், வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நுழையப் பழகியிருந்தேன்.

லீவு நாளில் அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேம் விளையாடுவேன். கோட்டைக்குள் புகுந்து ஒரு கடிதத்தைத் திருட வேண்டும். காவலர்களை வெட்டிக்கொண்டும் போகலாம், ஒளிந்தும் போகலாம். நான் ஒளிந்துதான் போவேன், அதுவும் ஆகக் கடினமான நிலையில். வெட்டுவதெல்லாம் ஒரு ஆட்டமா?

ஒரு சனிக்கிழமை மதியம் ஜெயித்துவிட்டேன். ‘உன்னை யாருமே பார்க்கவில்லை’ என்று திரை பாராட்டியது. அந்தப் பெருமிதத்தோடு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே நின்ற பக்கத்து அறை அண்ணன் திடுக்கிட்டார்.

“அலமாக்! லாபிஸ்ல இருக்கிற உங்க வீட்டுக்கே திரும்பிப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன் லா.”

“எங்கயும் போகலண்ணே. இங்கதான் இருக்கேன்.”

அறைக்குத் திரும்பி, ஆட்டத்தை ஆக எளிதான நிலைக்கு மாற்றினேன். கோட்டை முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். “யாரது?” என்று கத்தியபடி காவலர்கள் ஓடிவந்து வெட்டினார்கள். எளிதான நிலையில் சாக நேரமாகும். அத்தனை நேரமும் அவர்கள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.