ஒன்பது வாட் கோடை

திருவனந்தபுரத்தில் மே மாதத்திலும் கம்பளித் தொப்பியோடு பஸ் ஏறும் ஒரே ஆள் என் சித்தப்பா வேல்சாமி. கண்டக்டர்கள் முதலில் காய்ச்சலா என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

சித்தப்பா இருபத்திரண்டு வருடம் சாலை பஜார் பக்கம் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் வேலை பார்த்தவர். கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு தனியார் பார்க் 'துருவ வீடு' கட்டி, குளிர் தெரிந்த ஆளைத் தேடியபோது இவரை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை. அயிலை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துருவ நரியைப் பார்த்துக்கொள்ளப் போனார். ஒரே வித்தியாசம், இது கடிக்கும் என்றார்.

வெளியே முப்பத்துநான்கு டிகிரி, உள்ளே நான்கு. ஜன்னல் கிடையாது. சுவரில் பனிமலை வரைந்திருக்கிறது. வரைந்தவர் பழக்கதோஷத்தில் மலையடிவாரத்தில் இரண்டு தென்னைமரம் போட்டுவிட்டார். பலகையில் நரியின் பெயர் 'ஸ்னோ'. சித்தப்பா வைத்த பெயர் சுடலைக்கண்ணு. ஸ்னோ என்று கூப்பிட்டால் அது தூங்கும். சுடலைக்கண்ணு என்றால் திரும்பும்.

ஒரே ஒரு குறை. பலகைப் படத்தில் நரி பால்வெள்ளை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது தேங்காய் நார் நிறம். துருவ நரி கோடையில் பழுப்பாக இருக்கும், குளிர்காலத்தில் வெள்ளையாகும். இது வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நடுவில் வந்த ஒரு டிசம்பரைப் பழுப்பாகவே கழித்துவிட்டது. டிக்கெட் எடுத்தவர்கள் நாட்டு நாய் என்றார்கள்.

இதில் மீனு என்கிற எனக்கும் பங்கு உண்டு. பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்தியவளுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை. ஓணம் கழிந்து ஒரு நாள் சித்தப்பா தந்த பாஸில் உள்ளே போய், 'துவைத்தால் வெளுக்கும்' என்று மலையாளத்தில் எழுதிய சீட்டைப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன். யாரோ படம் எடுத்துப் போட, இரண்டே நாளில் ஊரெல்லாம் பார்த்தது. மூன்றாம் நாள் மேனேஜர் அனில், ஜனவரி முடிவதற்குள் நரி வெளுக்காவிட்டால் வடக்கே வேறொரு பார்க்குக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று சித்தப்பா சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர்; எங்கள் மாடியறையில்தான் வாசம். நான் இரண்டு தடவை தட்டோடு மாடியேறினேன். சீட்டை ஒட்டியது நான்தான் என்று சொல்லவில்லை. இரண்டாம் தடவை சாப்பிட்டார்.

நவம்பரில் டாக்டர் அஸ்வதி நரியைப் பார்க்க வந்தபோது நானும் போயிருந்தேன். ரத்தம் சரி, தீனி சரி, குளிரும் சரி.

"குளிரில்ல சேட்டா காரியம்," என்றார். "வெளிச்சம் குறைஞ்சாத்தான் குளிர்காலம்னு அது நம்பும். லைட் எப்ப அணைக்கிறீங்க?"

"அஞ்சு மணிக்கு டாக்டரே. ஒரு நாள் தப்பினதில்ல."

அப்படியானால் அடுத்த வாரம் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பெரிய விளக்குகளை அணைப்பார். ஆறரைக்குக் கிளம்பும்போது மூலையில் ஒரு பல்பைப் போடுவார், சாலை பஜார் கடையில் வாங்கிய ஒன்பது வாட். அந்தி சாய்ந்தபின் ஓர் உயிர் குடியிருக்கும் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். போட்டதும் சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். காலையில் வந்துதான் அணைப்பார். அதை அவர் வெளிச்சக் கணக்கில் சேர்த்ததே இல்லை. சாமிக் கணக்கில் வைத்திருந்தார். நரி ஒன்றரை வருடமாக இரவே இல்லாத கோடையில் இருந்தது.

பஸ்ஸில், அந்த மூலை பல்பு, என்று மட்டும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கழக்கூட்டம் நெரிசலில் பஸ் இருபது நிமிடம் நின்றது. பிறகு, மீன் கிடங்கில் ஒரு தடவை அவர் உள்ளே இருப்பது தெரியாமல் பூட்டிப் போய்விட்டார்கள் என்றார். நாலு மணி நேரம். குளிர் ஒன்றும் செய்யவில்லையாம்.

"இருட்டுதாம்ட்டி மீனு. கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கான்னே தெரியல."

யாரிடமும் சொல்லாமல் பல்பை மட்டும் கழற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். இந்த மாதிரி யோசனைகள் எனக்கு நன்றாக வரும். எவனோ செய்த தப்புக்கு அது ஏன் ஊசி வாங்கணும் என்று கேட்டவர், மறுநாள் காலையில் டாக்டரிடமும் அனிலிடமும் சொல்லிவிட்டார்.

அனில் அந்த பல்பை வெகுநேரம் பார்த்தாராம். "நரிக்கு சந்தியா விளக்கா, வேல்சாமி?" என்றாராம். வெளுக்காவிட்டால் நரியோடு நீயும் போகலாம் என்றும் சொன்னாராம்.

அன்று மாலை நான் கூடவே இருந்தேன். பல்பைக் கழற்றி, கதவுக்கு வெளியே நடைவழியில் மாட்டினார். இரும்புக் கதவைச் சாத்தி, அடியில் துளி வெளிச்சம் போகாதபடி துண்டைச் சுருட்டிச் செருகினார். பிறகு கதவில் இரண்டு தட்டு.

"சுடலைக்கண்ணு, வெளிய விளக்கு வச்சிருக்கேன். உனக்குத் தெரியாது. ஆனா வச்சிருக்கேன்."

டிசம்பரில் வயிறு வெளுத்தது. பொங்கலுக்கு முதுகு. ஜனவரி இருபத்தாறாம் தேதி காது நுனிவரை வெள்ளை. அனில் தானே வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். டிக்கெட் எடுத்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் என்றார்கள்.

அன்று ராத்திரி சோறு கொண்டுபோனபோது, சித்தப்பா கம்பளித் தொப்பியின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. ஒட்டிய மறுநாளே கிழித்து வைத்திருக்கிறார்.

"இதுக்குக் கீழ 'துவைத்தாச்சு'ன்னு எழுதிக் குடு," என்றார். "நாளைக்கு ஒட்டணும்."