உப்பளக் கேட்டில் போட்ட மண்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி மீட்டர்கேஜ் லைனில் நான் கேஷுவல் கேங்மேன், தண்டவாள வேலைக்குத் தினக்கூலி. அப்போதுதான் ரோடு லைனைக் கடக்கும் உப்பளக் கேட்டில் பாசஞ்சர் வண்டியின் கடைசி இரண்டு பெட்டிகள் தடம் புரண்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு அம்மாளுக்குக் கை முறிந்தது. கேட்டுக்கு நடுவே தண்டவாளம் ஒடிந்திருந்தது. அடிப்பாகத்தை உப்பு தின்றிருந்தது. கேட்டைக் கடக்கும் உப்பு வண்டிகளிலிருந்து சொட்டும் நீர் முழுக்க அங்கேதான் இறங்கும்.

பழி கீமேன் சவேரி அண்ணன் மேல் விழுந்தது. சுத்தியலோடு தினமும் லைனை நடந்து பார்ப்பது அவர் வேலை. சஸ்பெண்ட் செய்தார்கள். வேலையே போய்விடும் என்று பேச்சு. வீட்டில் நாலு பெண் பிள்ளைகள்.

"மண்ணுக்குள்ள கெடக்கத எந்தக் கண்ணாலலே பாக்க?" என்றார் என்னிடம்.

அந்த மண்ணைப் போட்டவன் நான். பெரிய அதிகாரி வருகிறார் என்று இரண்டு மாதத்துக்கு முன் தண்டவாள இன்ஸ்பெக்டர் எங்களை விரட்டினார். "கேட்டு பளிச்சுன்னு இருக்கணும்லே. துரு வெளிய தெரியப்பிடாது." தண்டவாளத்தின் அடி மறைய மண்ணைக் கொட்டி இறுக்கி, ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பும் அடித்தோம். நல்லா இருக்கிறது என்று எனக்கும் பெருமை.

பாதுகாப்புக் கமிஷனர் விசாரணைக்கு வருகிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, வேறு மந்திரியின் இலாகா என்றார் புக்கிங் கிளார்க். எனக்கு அது போதும்.

இன்ஸ்பெக்டர் பிளாட்பாரத்தில் மறித்தார். "ஏலே, ஒனக்கு அங்கன என்ன சோலி? வாயத் தொறந்தா நாளைக்கு கூலி மஸ்டர்ல பேரு இருக்காது."

"தோணிக்குப் போயிருவேன் சார். வேலைய விடுதது எனக்குப் புதுசா?"

ஏழாம் வகுப்பை விட்டேன், தோணியை விட்டேன், ஆறுமுகநேரி உப்பளத்தை விட்டேன். சவேரி அண்ணனுக்கு இந்த ஒரு வேலைதான்.

வெயிட்டிங் ரூமில் கமிஷனரிடம் மண் போட்டதைச் சொன்னேன். "பொய் சார்," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "இவன் கீமேனுக்குச் சேக்காளி. பெட்டி புரண்டப்ப சரிஞ்ச மண்ணு அது."

"அப்ப அடுத்த கேட்டத் தோண்டிப் பாருங்க சார். அங்கயும் நான்தான் போட்டேன். இன்னும் அப்பிடியே கெடக்கு."

அந்தக் கேட்டின் மேல் தினமும் வண்டி போய்க்கொண்டிருந்தது. வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

கமிஷனர் சாயங்கால வண்டியை ஸ்டேஷனிலேயே நிறுத்தச் சொன்னார். டிராலியில் அந்தக் கேட்டுக்குப் போனோம். என்னையே தோண்டச் சொன்னார். இரண்டடி நீளம் தோண்டினேன். தண்டவாளத்தின் அடி தகடு தகடாகக் கையோடு வந்தது.

"இது நீ போட்ட மண்ணுதானே?" என்றார் கமிஷனர்.

"ஆமா சார்."

"அதையும் எழுதிக்கறேன்."

எழுதினார்.

தண்டவாளத்தை மாற்றிய பின் வண்டி மெதுவாகக் கேட்டைத் தாண்டியது. ஜன்னலோரத்தில் ஆட்கள் முறுக்குத் தின்றுகொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் சுண்ணாம்பு அடித்த கல்லின் மேலேயே உட்கார்ந்தேன்.

சவேரி அண்ணனை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். வந்த அன்றே என் மண்வெட்டியைக் காட்டி, "இனி மண்ணப் போடயில என்னைய ஒரு வார்த்த கேளு, ராசா," என்று சிரித்தார். என் பெயரும் மஸ்டரில் இருந்தது. அடுத்த வருஷம் நானாகத்தான் விட்டேன்.

பிறகு எத்தனையோ வேலை பார்த்தேன். அதிகாரி வருகிறார், சுத்தம் பண்ணு என்று எங்கே சொன்னாலும், துரு பிடித்த இடத்தைத்தான் முதலில் திறந்து வைப்பேன். நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். நான் மூடி வைத்த எதன் மேலும் அதன்பின் ஒரு வண்டியும் போகவில்லை.